பழைய மசி உழவு மெசினுக்குப் பொருந்துகிற எஞ்சின் சாமானை இனங்கண்டு வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சம்மாந்துறை, அக்கரைப்பற்று, வவுணதீவு, செங்கலடி என்று வயல் உள்ள எந்த ஊருக்குப் போனாலும் ஒரு மசி பெர்குசன் 35 அல்லது 135 இன்னும் உழுதுகொண்டிருக்கும். அரை நூற்றாண்டு கடந்த இரும்பு அது. அதன் மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ் எஞ்சினை ஒழுங்காகத் திருத்தினால் இன்னும் ஒரு தலைமுறைக்கு உழும். ஆனால் திருத்தி ஒரு போகம் முடியும் முன்னே புகை தள்ளுகிறது, ஒயில் குடிக்கிறது என்று மறுபடியும் கராஜுக்கு வருகிற மெசின்கள் பல. அவற்றைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் சாமான் புதிதாகத்தான் இருக்கும். அந்த எஞ்சினுக்கு உரிய சாமானாக மட்டும் இருக்காது.

"நானா, மசிக்குப் பிஸ்டன் செற் ஒண்டு தாங்க" என்று கேட்டால் றாக்கையில் எது இருக்கிறதோ அதுதான் வரும். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. மசி என்ற ஒரு பெயருக்குள் வேறு வேறு எஞ்சின்கள் இருக்கின்றன. போதாக்குறைக்கு, இத்தனை வருடத்தில் எத்தனையோ பாஸ்மார் (மெக்கானிக்மார்) கைவைத்து, ஒருவர் கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கடைந்து, இன்னொருவர் லைனரை (பிஸ்டன் ஓடும் குழல்) மாற்றி, வேறொருவர் பிளாக்கையே மாற்றியிருப்பார். ஆகவே பொனற்றில் எழுதியிருப்பதை நம்பிச் சாமான் வாங்கக் கூடாது. முதலில் இரும்பை அளக்க வேண்டும்.

முதல் வேலை: எந்த எஞ்சின் என்று உறுதிப்படுத்துவது

மெசினின் தொடர் இலக்கம் மீற்றர் பலகைக்குக் கீழே உள்ள தகட்டில் இருக்கும். அது உழவு இயந்திரத்தின் இலக்கம் மட்டுமே. எஞ்சினுக்குத் தனி இலக்கம் உண்டு.

1957 இல் 35 என்ற மாதிரி வந்தபோது அதன் டீசல் எஞ்சின் பேர்க்கின்ஸ் அல்ல, ஸ்டாண்டர்ட் 23சீ என்ற நாலு சிலிண்டர் எஞ்சின். குளிரில் ஸ்டார்ட் எடுக்க மறுப்பதற்குப் பேர்போனது. 1959 கடைசியிலிருந்துதான் பேர்க்கின்ஸ் மூன்று சிலிண்டர் வந்தது. ஆகவே உங்களிடம் 35 இருந்தால் முதலில் இன்ஜெக்டர் குழாய்களை எண்ணுங்கள். நாலு இருந்தால் அது ஸ்டாண்டர்ட். போர், அதாவது சிலிண்டர் துளையின் விட்டம், 84.14 மில்லிமீற்றர், நீர் நேரடியாகத் தொடும் லைனர். பேர்க்கின்ஸுக்கு உரிய பிஸ்டனோ லைனரோ கஸ்கட்டோ அதற்குப் பொருந்தாது. இந்த வழிகாட்டியின் மீதிப் பகுதி மூன்று குழாய் உள்ளவர்களுக்கு.

1964 இல் வந்த 135 இலும், பிறகு வந்த 240 இலும் இருப்பது ஏ.டி.3.152. இதில் 3 சிலிண்டர் எண்ணிக்கை. 152 கன அங்குலக் கொள்ளளவு, அதாவது 2.5 லீற்றர். போர் 3.6 அங்குலம், 91.44 மில்லிமீற்றர். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 5 அங்குலம், 127 மில்லிமீற்றர். எரியும் ஒழுங்கு 1-2-3.

எஞ்சின் இலக்கத்தை டீசல் பம்ப் இருக்கும் பக்கத்தில், பிளாக்கின் பக்கவாட்டில் தேடுங்கள். சேறும் பெயின்ற்றும் படிந்து மூடியிருக்கும். கிரைண்டரைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள், இலக்கமே அழிந்துவிடும். டீசலில் ஊறவிட்டுக் கம்பி பிரஷால் மெதுவாகத் தேய்த்து, காய்ந்த பிறகு வெள்ளைச் சோக்கைப் பூசி, மேலால் துணியால் துடைத்தால் பள்ளத்தில் சோக் தங்கி எழுத்து தெரியும். கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய முறை இலக்கம் 152 என்று தொடங்கும். 1974 இலிருந்து வந்த முறையில் முதல் இரண்டு எழுத்து எஞ்சின் வகை. சீ-ஈ என்றிருந்தால் டி.3.152 குடும்பம், ஏ.டி.3.152 அதற்குள் அடங்கும். அடுத்து வரும் எண்கள் கட்டமைப்புப் பட்டியல். அந்த எஞ்சினுக்கு எந்த எந்தச் சாமான் போட்டு வெளியே அனுப்பினார்கள் என்பதைச் சொல்வது அதுதான். பின்னால் வரும் யூ என்ற எழுத்து இங்கிலாந்தில் செய்தது என்பதைக் குறிக்கும். கடைசி எழுத்து வருடம்: ஏ என்றால் 1974, பி 1975, இப்படியே போய் ஜி 1980. 135 இன் பொனற்றுக்குக் கீழே 1980 களின் எஞ்சின் இருப்பது அதிசயமில்லை. அப்படி இருந்தால் எஞ்சினின் வருடத்துக்குத்தான் சாமான் வாங்க வேண்டும்.

கழற்றி அளப்பது

எஞ்சினைக் கழற்றாமல் சாமான் பட்டியல் போடுவது குருட்டு வேலை. 2 இலிருந்து 3 அங்குலம் வரை அளக்கும் மைக்ரோமீற்றர் ஒன்றும் வேர்ணியர் ஒன்றும் வேண்டும். சொந்தமாக இல்லாவிட்டால் கிராங்கையும் பிஸ்டன்களையும் லேத் கடைக்குக் கொண்டுபோய் உங்கள் கண்முன்னே அளக்கச் சொல்லி, எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள்.

கிராங்கிலிருந்து தொடங்குங்கள். மெயின் ஜேர்னல் (கிராங் பிளாக்கில் தங்கிச் சுழலும் இடம்) நாலு, கொன்ரொட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) பிடிக்கும் பின் மூன்று. கடையாத கிராங்கில் மெயின் 69.81 இலிருந்து 69.82 மில்லிமீற்றர் வரை இருக்கும், அதாவது 2.7485 இலிருந்து 2.749 அங்குலம். கொன்ரொட் பிடிக்கும் பின் 57.11 இலிருந்து 57.12, அங்குலத்தில் 2.2485 இலிருந்து 2.249. ஒவ்வொரு தடவை கடையும்போதும் ஆயிரத்தில் பத்து அங்குலம், அதாவது 0.25 மில்லிமீற்றர் குறைப்பார்கள். மெயின் 69.57 காட்டினால் பத்து, 69.32 என்றால் இருபது, 69.06 என்றால் முப்பது. பின்னுக்கு அதே ஒழுங்கில் 56.87, 56.62, 56.36. முப்பதுக்குப் பிறகு கிராங்கையே மாற்றுவதுதான் வழி.

ஒவ்வொரு ஜேர்னலையும் இரண்டு இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். மெயின் பத்தாகவும் பின் இருபதாகவும் இருப்பது சாதாரணம். ஒரே ஒரு பின் மட்டும் வேறு அளவில் கடையப்பட்ட கிராங்குகளும் ஊரில் உண்டு. கழற்றிய பழைய பெயாரிங்கின் முதுகில் 010, 020 என்று அடித்திருக்கும்; அதையும் உங்கள் அளவையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் முன்னே திருத்தியவர் பொருந்தாததைப் போட்டு ஓட்டியிருக்கிறார், அல்லது உங்கள் அளவு பிழை. எது என்று தெரியும்வரை வாங்கப் போகாதீர்கள்.

அடுத்தது லைனர். அதிகம் பிழைக்கிற இடம் இதுதான்.

இந்த எஞ்சினில் உள்ளவை உலர் லைனர்கள், அதாவது நீர் லைனரைத் தொடாது, பிளாக்கைத்தான் தொடும். பழையவற்றில் குரோம் பூசிய மெல்லிய உருக்கு லைனர் வந்தது. பிறகு வந்தது வார்ப்பிரும்பு லைனர். குரோம் லைனருக்குள் குரோம் பூசிய றிங் போடவே கூடாது. குரோமும் குரோமும் உரசினால் இரண்டும் ஒன்றையொன்று கீறித் தின்றுவிடும். மேல் றிங் குரோம் பூசியதாக வரும் செற்றுகள் வார்ப்பிரும்பு லைனருக்கு உரியவை. கடையில் "றிங் செற்" என்று மட்டும் கேட்டால் அதுதான் கிடைக்கும். உங்கள் எஞ்சினில் குரோம் லைனர் இருந்தால் சில நூறு மணித்தியாலத்தில் வேலை முடிந்தது.

எது குரோம், எது வார்ப்பிரும்பு என்று பார்வையால் மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஓடித் தேய்ந்த வார்ப்பிரும்பும் கண்ணாடிபோல மின்னும். வயலுக்கு அடிக்கும் மயில்துத்தத்தில் ஒரு தேக்கரண்டியை அரைக் கோப்பைத் தண்ணீரில் கரையுங்கள். லைனரின் உட்புறத்தில் ஓரிடத்தைப் பெற்றோலால் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, ஒரு துளி தடவுங்கள். வார்ப்பிரும்பாக இருந்தால் சில விநாடியில் செம்பு நிறம் ஏறும். குரோம் என்றால் எதுவும் நடக்காது. அதே துளியை மேல் றிங் நிற்கும் இடத்திலும் வைத்துப் பாருங்கள். கீழே நிறம் ஏறாமல் மேலே மட்டும் ஏறினால் அங்கே குரோம் தேய்ந்து போய்விட்டது, லைனர் மாற்றியே ஆக வேண்டும். பார்த்து முடிந்ததும் ஈரம் போகத் துடைத்து ஒயில் பூசுங்கள்.

குரோம் லைனரின் வெளிவிட்டமும் வார்ப்பிரும்பு லைனரின் வெளிவிட்டமும் ஒன்றல்ல, ஆகவே பிளாக்கின் துளையும் வேறு. பழைய லைனரைக் கழற்றிய பின் பிளாக்கின் துளையை மேல், நடு, கீழ் என்று மூன்று உயரத்தில் அளந்து எழுதுங்கள். வார்ப்பிரும்பிலும் இரண்டு விதம் விற்கிறார்கள். ஒன்று போட்டவுடன் பாவிக்கலாம். மற்றது இறுக்கி அடித்த பிறகு போரிங் செய்து (துளையை அளவுக்குக் கடைந்து) ஹோன் போட (உட்சுவரைக் கல்லால் தேய்க்க) வேண்டியது. இரண்டாவதை முதலாவதென்று நினைத்துப் பிஸ்டனைத் தள்ளினால் அது இறங்காது, இறங்கினாலும் பிடித்துக்கொள்ளும். வாங்கும்போதே கேளுங்கள், பெட்டியில் எழுதியிருப்பதையும் பாருங்கள்.

பிஸ்டனில் பார்க்க வேண்டியவை: தலையிலுள்ள குழியின் வடிவமும் ஆழமும், றிங் எண்ணிக்கை, பிஸ்டனைக் கொன்ரொட்டோடு கோக்கும் பிஸ்டன் பின்னின் விட்டம், அந்தப் பின்னின் துளையின் மேல் விளிம்பிலிருந்து தலைவரை உள்ள உயரம். கடைசியாகச் சொன்னதை வேர்ணியரால் அளந்து எழுதுங்கள். அது அரை மில்லிமீற்றர் குறைந்தால் காலையில் ஸ்டார்ட் எடுக்க மாட்டாது. கூடினால் வால்வில் இடிக்கும். 152 குடும்பத்துக்குள்ளேயே இவை மாறுகின்றன, ஆகவே பழைய பிஸ்டன் ஒன்றைக் கழுவி, சாக்கில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோவதுதான் மிகப் பாதுகாப்பான வழி.

எஞ்சினின் பின்பக்க ஒயில் சீலைப் பார்க்க மறக்காதீர்கள். பழையவற்றில் இரண்டு பாதி வீட்டுக்குள் கயிறு மாதிரியான சீல். பின்னர் வந்தவற்றில் றப்பர் உதடு உள்ள வட்டச் சீல். ஒன்றின் இடத்தில் மற்றது போகாது. இது ஒழுகினால் ஒயில் கிளச் தட்டில் இறங்கும். பிறகு மெசினை நடுவால் பிரிக்க வேண்டி வரும். பழைய கயிறுச் சீலிலும் பழைய கஸ்கட்டுகளிலும் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். காய்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், ஒயிலால் நனைத்து எடுங்கள்.

டீசல் பம்ப்

பெரும்பாலான 135 களில் இருப்பது சீ.ஏ.வி. டி.பி.ஏ. என்ற சுழலும் பம்ப். அதன் பக்கத்தில் சிறு தகடு ஒன்று இருக்கும். அதில் 32 என்று தொடங்கும் இலக்கத்தின் மூன்றாவது இலக்கம் சிலிண்டர் எண்ணிக்கை: 323 என்றால் மூன்று, 324 என்றால் நாலு. வெளியே ஒரே மாதிரி இருப்பதால் நாலு சிலிண்டர் பம்பைக் கழுவிப் பெயின்ற் அடித்து விற்பவர்கள் உண்டு. குழாய் வாய்களை எண்ணினாலே பிடிபடும். தகடு இல்லாத பம்பை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

அதன் உள்ளே தலையும் றோட்டரும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்திய சோடி. ஒன்றின் றோட்டரை மற்றொன்றின் தலைக்குள் போடவே முடியாது, போட்டால் சூட்டில் ஒட்டிக்கொள்ளும். தலை போனால் சோடியாகத்தான் வாங்க வேண்டும். இன்ஜெக்டர்களிலும் அடையாள எழுத்து அடித்திருக்கும். எத்தனை அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பது அந்த எழுத்தைப் பொறுத்தது. மூன்றிலும் ஒரே எழுத்து இருக்க வேண்டும். டீசல் பில்டருக்கு 296 என்று கேட்டால் எந்தக் கடையிலும் தெரியும்.

எங்கே வாங்குவது

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுக் கடைகளில் பில்டர், கஸ்கட், பெயாரிங், லைனர் செற் எல்லாம் கிடைக்கும். கிடைக்காததற்குக் கொழும்பு பஞ்சிகாவத்தை. அங்கே போகுமுன் அளவுகளையும் படங்களையும் அனுப்பி, "இருக்கிறது" என்ற பதிலோடு சாமானின் படத்தையும் இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். வாய்ச் சொல்லை நம்பி பஸ் ஏறினால் ஒரு நாளும் ஒரு நாள் கூலியும் போகும்.

பேர்க்கின்ஸ் பெட்டியில் வருவது ஒன்று. அதே சாமானைச் செய்யும் பெயர்பெற்ற உற்பத்தியாளரின் சொந்தப் பெட்டியில் வருவது இன்னொன்று. தரத்தில் குறைவில்லை, விலை குறைவு. மூன்றாவது இந்தியா, பாகிஸ்தான் சாமான். அந்த நாடுகளில் இந்த எஞ்சின் குடும்பத்தைப் பல வருடமாகச் செய்கிறார்கள். பாகிஸ்தானின் மில்லத் தொழிற்சாலை 240 ஐச் செய்தது. சென்னையின் சிம்சன் பேர்க்கின்ஸ் வழிவந்த எஞ்சின்களைச் செய்தது. ஆகவே நல்ல சாமான் அங்கிருந்தும் வருகிறது. ஆனால் அந்தந்த நாட்டு எஞ்சினில் செய்த மாற்றங்களும் கூடவே வரும். அளந்துதான் எடுக்க வேண்டும். கடைசியாக, பெயரே இல்லாத வெள்ளைப் பெட்டி. வோட்டர் பம்ப் பெல்ட் மாதிரிக் கெட்டால் ஐந்து நிமிடத்தில் மாற்றக்கூடியதற்கு அதை வாங்கலாம். எஞ்சினைத் திறக்காமல் மாற்ற முடியாத எதற்கும் அதை வாங்காதீர்கள். பெயாரிங், றிங், பின்பக்கச் சீல், ஹெட் கஸ்கட் நாலிலும் மிச்சம் பிடிக்கிற காசு, இரண்டாம் தடவை கழற்றும் கூலிக்கே காணாது.

பழைய எஞ்சினை முழுதாக வாங்கி உடைப்பதும் நல்ல வழி. 135, 230, 240 எதிலிருந்தும் வரலாம். பிளாக்கின் மேல்முகத்தில் நீர்த் துளைகளைச் சுற்றி அரிப்பு இருக்கிறதா, லைனருக்கு இடையில் வெடிப்பு ஓடுகிறதா என்று பாருங்கள். கரையோரத்தில் உவர் கிணற்று நீரை ரேடியேற்றருக்கு ஊற்றி ஓடிய எஞ்சின்களில் இந்த அரிப்பு அதிகம். மெயின் கப்புகள் (மெயின் பெயாரிங்கைப் பிடிக்கும் மூடிகள்) அந்த பிளாக்கோடு சேர்த்து ஒரே வரியில் கடையப்பட்டவை. கப்பில் உள்ள இலக்கம் பிளாக்கோடு பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள். கொன்ரொட்டும் அதன் கப்பும் அப்படித்தான்.

எப்போது வாங்குவது என்பதும் முக்கியம். பெரும்போக வெட்டு முடிந்து சிறுபோக உழவு தொடங்குமுன் கிடைக்கும் இடைவெளியிலும், ஆவணி மாதத்திலும் வாங்குங்கள். மழை தொடங்கி எல்லாரும் வயலில் இறங்கிய பிறகு கடைக்குப் போனால் இருப்பதை எடுக்க வேண்டியதுதான். அவசரம் அளவுகோலை மறக்கச் செய்யும்.

கவுண்டரில் நின்று பார்ப்பது

காசு கொடுக்கும் முன் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் கோபிக்க மாட்டார்.

பெயாரிங்கின் முதுகைப் பாருங்கள். கடற்காற்று அடிக்கும் ஊர்க் கடைகளில் நெடுநாள் கிடந்தவற்றில் முதுகில் துரு புள்ளி போட்டிருக்கும். அந்தப் புள்ளி உயர்ந்து நின்று பெயாரிங்கை உள்நோக்கித் தள்ளும், அந்த இடம் முதலில் சூடாகி உரியும். விரலால் தடவினால் சொரசொரப்புத் தெரிந்தால் வேண்டாம்.

றிங்கை லைனருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் ஒரு அங்குலம் கீழே தள்ளி நேராக்குங்கள். கீழே கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பிடித்து மேலிருந்து பாருங்கள். றிங்கின் வாயைத் தவிர வேறெங்கும் வெளிச்சக் கீற்று தெரியக் கூடாது. வாயின் இடைவெளி பொதுவாகப் போரின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஆயிரத்தில் மூன்று நாலு. இந்த எஞ்சினுக்கு 0.3 மில்லிமீற்றரை ஒட்டி வரும். வாய் மூடிக்கொண்டால் சூட்டில் றிங் விரிந்து உடையும். 1 மில்லிமீற்றர் பிளந்து நின்றால் அது அந்தப் போருக்கு உரிய றிங் அல்ல. மூன்று பிஸ்டனையும் தராசில் வைத்துப் பாருங்கள். பத்துக் கிராமுக்கு மேல் வித்தியாசம் என்றால் வேறு செற் கேளுங்கள்.

ஹெட் கஸ்கட்டைப் பழையதன் மேல் வைத்து ஒவ்வொரு துளையாகப் பாருங்கள். ஒரு நீர்த்துளை மூடியிருந்தாலும் அந்தச் சிலிண்டர் தனியாகக் கொதிக்கும்.

போல்ட்டுகளும் உண்டு. இந்த எஞ்சினில் அங்குல மரை. 5/16 யூ.என்.சி. மரை ஒரு அங்குலத்துக்கு 18, அதாவது மரைக்கு மரை 1.41 மில்லிமீற்றர், 8 மில்லிமீற்றர் போல்ட்டில் அது 1.25. விட்டம் 7.94 க்கும் 8 க்கும் இடையில் வித்தியாசம் கைக்குத் தெரியாது. இரண்டு மூன்று சுற்று ஏறும், பிறகு இறுகும். "இறுக்கமா இருக்கு, நல்லது" என்று நினைத்து ஸ்பனரைப் போட்டால் பிளாக்கின் மரை போய்விடும். கையால் கடைசிவரை ஏறாத போல்ட்டை ஏற்றாதீர்கள்.

பில்லில் "மசி சாமான்" என்று எழுத விடாமல் சாமானின் பெயர், அளவு, பெட்டி இலக்கம் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். பூட்டாமல் கொண்டுவந்தால் மாற்றித் தருவார்களா என்பதை அப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

பூட்டிய பிறகு

வால்வ் இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் 0.012 அங்குலம், 0.30 மில்லிமீற்றர். சம்ப்புக்கு ஏறத்தாழ 7 லீற்றர் ஒயில். காற்று வடியின் எண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவிப் புது ஒயில் ஊற்றாமல் ஸ்டார்ட் எடுக்காதீர்கள். சூடடிக்கும் காலத்து நெல்தூசி அதில் சேறாகப் படிந்திருக்கும், புது லைனரை முதலில் தின்பது அதுதான்.

முதல் 25 மணித்தியாலத்துக்குக் கலப்பையை ஆழமாக இறக்காமல், பாதிப் பாரத்தில் ஓட்டுங்கள். வெறுமனே நிறுத்தி வைத்து ஐடிலில் ஓட்டினால் றிங் லைனரோடு படியாது, ஒயில் குடிக்கத் தொடங்கும். பிறகு ஹெட் நட்டுகளைப் புத்தகத்தில் உள்ள ஒழுங்கில் மீண்டும் இறுக்கி, வால்வ் இடைவெளியைத் திரும்பப் பாருங்கள்.

50 மணித்தியாலத்தில் ஒயிலை இறக்கி, ஒயில் பில்டரைத் தகர வெட்டியால் பிளந்து, மடிப்புக் கடதாசியை வெயிலில் விரித்துப் பாருங்கள். நுண்ணிய சாம்பல் நிறத் தூள் றிங் படிந்ததன் அடையாளம், பயப்பட வேண்டாம். செம்பு நிறச் செதில் மின்னினால் பெயாரிங் உரிகிறது. அன்றைக்கே எஞ்சினை நிறுத்தி, சம்ப்பைக் கழற்றி, பெயாரிங்கின் முதுகில் உள்ள எண்ணையும் கொப்பியில் உள்ள எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.